உப்பில்லாத ஆடி

எண்பதுகளின் தொடக்கம் என்று நினைவு. என் வீட்டுக்காரரின் தங்கை அதற்குச் சில வருடங்களுக்கு முன் நாள் கணக்கில் தூங்காமல், ஓயாமல் பேசிக்கொண்டு தெருத் தெருவாக நடந்தவள். லித்தியம் மாத்திரை கொடுத்த பிறகுதான் அடங்கி, தையல் மிஷினில் உட்கார்ந்து ஜாக்கெட் தைக்கத் தொடங்கினாள். அந்த மருந்து இரத்தத்தில் கூடினால் விஷம், குறைந்தால் வீண். அதனால் திருநெல்வேலிக்குப் போய் அளவு பார்த்து வருவோம். இராத்திரி எட்டு மணிக்கு மாத்திரை; காலை எட்டுக்கு இரத்தம்; அதற்கப்புறம்தான் அடுத்த மாத்திரை. முதல் பஸ்ஸிலேயே ஏறிவிடுவோம். ஐந்தாவது வரைதான் படித்தேன், ஆனாலும் காகிதத்தில் வரும் எண்ணை வாசித்துவிடுவேன்.

அந்த ஆடியில் அவளுக்குக் கை நடுங்கியது. ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. ஒன்றுக்குள் இருக்க வேண்டிய அளவு, காகிதத்தில் ஒன்றரைக்கு மேல் வந்திருந்தது.

“மாத்திரை கூடக் குடுத்தியளா?” என்றார் டாக்டர்.

நான் தலையைக் குனிந்தபடியே இல்லை என்று ஆட்டினேன்.

“இப்படியே போனா இந்த மாத்திரைய நிறுத்திர வேண்டியதுதான். சாப்பாட்டுல ஏதும் மாத்தம் உண்டா?”

நிறுத்தினால் பழையபடி தெருதான். நாத்தனார் முழங்கையால் இடித்தாள்.

“சொல்லுங்க மதினி. நேந்துக்கிட்டத எத்தன நாளைக்கு மூடி வைப்பிய?”

அவளுக்குக் குணமாக வேண்டும் என்று, ஆடித் திருவிழாவில் அம்மனின் தபசுக் காட்சி நடக்கும் நாள் வரை நாங்கள் இருவரும் உப்பில்லாமல் சாப்பிடுவதாகக் கோமதி அம்மனிடம் நேர்ந்திருந்தேன். மென்று விழுங்கிச் சொன்னேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “உடம்புல உப்பு கொறஞ்சா மருந்து வெளிய போகாதும்மா, இரத்தத்துலயே தங்கிரும். ரெண்டு நாள் மாத்திர வேண்டாம். எப்பவும் போல உப்புப் போட்டுக் குடுங்க, தண்ணி நல்லாக் குடிக்கட்டும். அப்புறம் மாத்திரையத் தொடங்கிட்டு, அடுத்த வாரம் வாங்க.”

வெளியே வந்ததும் புலம்பினேன். “ஏட்டி, அம்மனுக்கு என்ன பதில் சொல்ல?”

“எம்பங்குக்கும் நீங்களே உப்பில்லாம இருங்க. ஒங்க சமையல்ல என்னைக்கு உப்பு ஒழுங்கா இருந்துச்சு?” என்றாள். பஸ் ஸ்டாண்டில் உப்பு மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்றை வாங்கி, நடுங்கும் கையாலேயே தின்று தீர்த்தாள்.

அடுத்த வாரம் இரத்தம் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் இருந்தோம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து எழுந்து, இரத்தம் எடுத்த அறையின் ஜன்னல் பக்கம் போனேன். கம்பவுண்டர் நீட்டிய காகிதத்தை டாக்டருக்கு முன்னால் நானே பிரித்துவிட்டேன். சைபர், புள்ளி, எட்டு.

“எட்டு வந்திருக்கு” என்று ஆண்களும் பெண்களுமாக இருந்த அந்தப் பெஞ்சு முழுக்கத் திரும்பும்படி சொல்லிவிட்டேன். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். டாக்டரும் பார்த்துவிட்டு, மாத்திரை தொடரட்டும் என்று எழுதினார்.

தபசு வரை அவள் பங்குக்கும் சேர்த்து நான் ஒருத்தியே உப்பில்லாமல் இருந்தேன். அவள் எதிரே உட்கார்ந்து புளியங்குடி எலுமிச்சை ஊறுகாயை நக்கிக்கொண்டே சொல்வாள்:

“மதினி, இன்னைக்கு உப்பு தூக்கல்.”