யாருடனும் பேசாத இயந்திரம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மொரீஷியஸின் வடக்கே ட்ரியோலே அருகில் ஒரு ஸ்வெட்டர் தொழிற்சாலையில் பின்னல் பிரிவுப் பொறியாளராக இருந்தேன். கோயம்புத்தூரில் படித்துவிட்டு அங்கே போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை.

புது இயந்திரங்கள் எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்தில் வாங்கச் சொன்னது நான்தான். ஒரே பயிற்சி, ஒரே உத்தரவாதம், நம் டிசைனை வெளியார் எடுக்க முடியாது என்று காரணங்களை வரிசையாக எழுதிக் கொடுத்தேன். அந்த நிறுவனத்தின் கணினியில் வரைந்த டிசைனைத் தவிர வேறெதையும் அந்த இயந்திரங்கள் ஏற்காது.

ஒருநாள் பக்கத்தில் சின்னப் பின்னல் பட்டறை நடத்தும் தமிழ் அக்கா ஒருவர் வந்து, அவசர ஆர்டர் ஒன்றுக்கு எங்கள் கணினியில் டிசைன் வரையலாமா என்று கேட்டார். உங்கள் இயந்திரத்தில் அது ஓடாது என்றேன். உண்மைதான். ஆனால் சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

தைப்பூசக் காவடிக்கு முந்தின வாரம் அந்தக் கணினி நின்றுபோனது. அதைப் பிரித்துப் பார்க்க எங்களுக்கு அனுமதி இல்லை. ஐரோப்பாவிலிருந்து ஆள் வர மூன்று வாரம் ஆகும். சரக்குக் கப்பல் கிளம்பவோ ஒன்பது நாள்தான் இருந்தது. புது ஆர்டரின் டிசைன் இன்னும் வரையவே இல்லை. இந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் பின்னல் பிரிவையே மூடிவிடுவேன் என்றார் முதலாளி. அங்கே நாற்பது பெண்கள் வேலை பார்த்தார்கள்.

வாங்குபவர் அனுப்பிய மாதிரி ஸ்வெட்டரைப் பையில் போட்டுக்கொண்டு அந்த அக்காவிடமே போனேன். அவரிடம் இருந்தவை வெவ்வேறு நிறுவனங்களின் பழைய இயந்திரங்கள், ஒரு சாதாரணக் கணினி. அவற்றில் எந்த இயந்திரத்துக்கும் ஏற்றபடி டிசைனை மாற்றித்தரும் நிரலை, அன்று நான் மறுத்த பிறகு, அவர் தம்பி எழுதியிருந்தார்.

"தோ மஷீன் த்ரோ ஃபியேர், தங்கச்சி!" என்று அந்தத் தீவின் கிரியோல் மொழியில் சொல்லிச் சிரித்தார். உன் இயந்திரத்துக்குத் திமிர் அதிகம் என்று அர்த்தம். அன்றைக்கு நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"பா த்ரகாஸ், பா த்ரகாஸ்," கவலைப்படாதே என்று தடுத்து, கட்டம்போட்ட தாளை விரித்தார்.

பின்னலில் ஒளிப்பதற்கு எதுவும் இல்லை. ஒவ்வொரு கண்ணியும் கண்ணுக்குத் தெரியும். இரண்டு பகல் முழுக்க அவர் மாதிரி ஸ்வெட்டரின் கண்ணிகளைக் கிரியோலில் எண்ணிச் சொல்ல, நான் கட்டங்களுக்கு நிறம் தீட்டினேன். விரத நாட்கள் என்பதால் மதியம் பூசணிக் கறி. அதில் பாதி என் தட்டுக்கு வந்தது. பிறகு அந்தக் கட்டங்களைத் தம்பியின் நிரலில் ஏற்றி, தன் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டுத் தன் இயந்திரங்களை எங்கள் பெண்களிடம் விட்டார். கடைசிப் பெட்டி கப்பல் ஏறியது. ஒருவர் வேலையும் போகவில்லை.

நாற்பது பேருடைய பிழைப்பை ஒரே கணினிப் பெட்டிக்குள் பூட்டிவைத்தவள் நான். அதை வெளியே எடுத்துக் கொடுத்தவர் என்னிடம் ஒரு காரணமும் கேட்கவில்லை என்பதை நினைத்தால், இன்றும் என் மனம் அடங்கிப்போகிறது.