கமிட்டிக்குப் போகாத மனு

தில்லியில் எங்கள் தமிழ்ச் சபையின் செயலாளராக நான் இருந்தபோது, சபை இளைஞர்கள் எழுதிக் கொடுத்த ஒரு மனுவை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அதை மறைக்க மூன்று பேரிடம் மூன்று பொய் சொன்னேன். அந்த மூவரில் ஒருவர் இன்று உயிரோடு இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. எனக்கு இப்போது எண்பது வயது தாண்டிவிட்டது. இதற்கு மேலும் தள்ளிப்போட முடியாது என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. நகரின் நடுவில் இருக்கும் ஒரு பழைய ஆலயத்தில் காலையில் ஆங்கில ஆராதனை, மதியம் இந்தி ஆராதனை. மாலை நான்கு மணிக்கு எங்களுக்கு இடம் கொடுப்பார்கள். நாங்கள் பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள், மத்திய அரசு வேலைக்காக வந்தவர்கள். ஞாயிறு மாலை அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் ஊர்த் தமிழை வாய் நிறையப் பேசுவோம். எனக்கு அது ஆராதனையா, ஊருக்குப் போய் வருவதா என்று பிரித்துச் சொல்லத் தெரியாத அளவுக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டிருந்தது.

பிள்ளைகளின் கதை வேறு. தில்லியிலேயே பிறந்து, இந்தியும் ஆங்கிலமும் படித்து வளர்ந்தவர்கள். தமிழ் பேசுவார்கள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். பாட்டுப் புத்தகத்தைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு, பல்லவியை மட்டும் சத்தமாகப் பாடிவிட்டு, சரணம் வந்ததும் உதட்டை அசைத்துக்கொண்டு நிற்பார்கள். பெரியவர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறோம். யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

பேசியது மயூர் விஹாரிலிருந்து வரும் ஒரு பெண். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வராந்தாவில் என்னிடம் ஒரு தாளை நீட்டினாள். கீழே முப்பத்தொரு கையெழுத்துகள், அத்தனையும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ போட்டவை. பாடல்களையும் வேதபாடத்தையும் இந்தி எழுத்தில் எழுதி வாசலில் கொடுக்க வேண்டும், மாதம் ஒரு ஞாயிறு இளைஞர்களை வாசிக்க விட வேண்டும் என்பது கோரிக்கை.

“தமிழை எடுத்துடுங்கன்னு சொல்லல அங்கிள். பாட்டு தமிழ்தான். எழுத்து மட்டும் இந்தில. அவ்ளோதான்.”

“இங்கிலீஷ் எழுத்துல எழுதினா ஆகாதா?”

“அரே, அதுல படிச்சா வெள்ளைக்காரன் பாடற மாதிரி இருக்கு. எங்களுக்கே சிரிப்பு வருது.”

நானும் சிரித்தேன். “முறைப்படி கமிட்டியில வைக்கிறேம்மா” என்றேன்.

வைக்கவில்லை. கல்லூரி நாட்களில் இந்திக்கு எதிராக ஊர்வலம் போனவன் நான். பிறகு அதே இந்தியில் அலுவலகத் தேர்வு எழுதித் தேறி, முப்பது ஆண்டுகள் இந்தியில் குறிப்பு எழுதிச் சம்பளம் வாங்கினேன். அந்தக் கசப்பெல்லாம் கழுவப்படும் இடம் ஞாயிறு மாலைதான் என்று நினைத்திருந்தேன். அங்கேயும் அந்த எழுத்து வருவதா என்று தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் மனுவின் ஓரத்தில் ‘பின்னர் பார்க்கலாம்’ என்று எழுதி, சுருக்கொப்பம் போட்டு, கோப்பில் குத்தி அலமாரியில் வைத்தேன். ஒரு கோரிக்கையை ஒழிக்க அதை நிராகரிக்க வேண்டியதில்லை, மேலே அனுப்பாமல் இருந்தால் போதும் என்பது அரசு அலுவலகத்தில் நான் கற்ற வித்தை. அதை ஆண்டவருடைய வீட்டுக்குள் கொண்டுவந்தவன் நான்.

இரண்டு மாதம் கழித்துப் போதகர் கேட்டார். எங்கள் பக்கத்து வழக்கப்படி அவரை ஐயர் என்போம். “பிள்ளைகள் ஏதோ மனு கொடுத்ததாகக் கேள்விப்பட்டேனே?” என்றார். “அவங்களே திரும்ப வாங்கிட்டாங்க ஐயா” என்றேன். அவர் நல்ல மனிதர், நம்பினார். அடுத்த கோடையில் அவருக்கு மாற்றலாகிவிட்டது.

அந்தப் பெண்ணும் கேட்டாள். “கமிட்டியில ஒத்துக்கலம்மா” என்றேன்.

“ஒருத்தர்கூடவா அங்கிள்?”

“ஒருத்தர்கூட.”

“மாமாவுமா?”

மாமா என்று அவள் சொன்னது எங்கள் ஞாயிறு பள்ளி ஆசிரியரை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எனக்கு அண்ணாச்சி, பிள்ளைகள் எல்லோருக்கும் மாமா. முப்பத்தொரு பேருக்கும் முதல் வேதக்கதை சொன்னவர் அவர்தான். அவரும் கமிட்டியில் இருந்தார். மனு என்று ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தெரியாது.

“கமிட்டியில யார் என்ன சொன்னாங்கன்னு வெளிய சொல்லக் கூடாதும்மா” என்றேன். அவள் அதை ‘ஆமாம்’ என்றே எடுத்துக்கொண்டாள். நான் எதிர்பார்த்ததும் அதுதான்.

அதன் பிறகு பின்பெஞ்சுகள் காலியாகத் தொடங்கின. ஒருவன் ஆங்கில ஆராதனைக்கு மாறினான். சிலர் வேலை, பரீட்சை என்றார்கள். அந்தப் பெண் அவள் அம்மாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலோடு திரும்பிப் போனாள். அண்ணாச்சிக்கு அது பொறுக்கவில்லை. ஒரு நாள் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“அந்தப் பிள்ள என்னப் பாத்தும் பாக்காத மாதிரி போவுது. கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வரல. நான் என்ன செஞ்சேன்னு ஒங்களுக்காவது தெரியுமா?”

“தெரியலியே அண்ணாச்சி.”

அது மூன்றாவது பொய். ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த சீஷனுக்குச் சேவலாவது கூவி உணர்த்தியது. தில்லியில் எனக்கு எதுவும் கூவவில்லை. அடுத்த ஞாயிறும் எழுந்து நின்று, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்ட பாவங்களையும் சேர்த்து எல்லோரோடும் அறிக்கை செய்துவிட்டு, நற்கருணையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஐந்து ஆண்டுகள் போயின. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். அதற்கடுத்த ஜனவரியில் அண்ணாச்சி இறந்துபோனார். பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத காலை அது. கல்லறைத் தோட்டத்தில் நாங்கள் பாடத் தொடங்கினோம். சபையில் எஞ்சியவர்களில் பாதிப் பேர் கிழவர்கள். குளிரில் குரல் எழும்பவில்லை, இரண்டாம் சரணத்தில் பாட்டு ஏறத்தாழ நின்றேவிட்டது. அப்போது பின்னாலிருந்து பாட்டு வந்தது. நன்றாக, முழுச் சொற்களோடு, எல்லாச் சரணமும். திரும்பிப் பார்த்தேன். பழைய பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு தாள் வைத்திருந்தார்கள். அத்தனையும் இந்தி எழுத்து.

ஜெபம் முடிந்ததும் அந்தப் பெண் என் பக்கம் வந்தாள். கண் சிவந்திருந்தது.

“மாமாவே வேண்டாம்னு சொல்லிட்டாரேன்னு அஞ்சு வருஷம் பேசாம இருந்துட்டேன் அங்கிள். நேத்து ராத்திரி அம்மா வாசிக்க வாசிக்க எல்லாப் பாட்டும் எழுதினேன். அவருக்குப் பிடிக்காதுன்னு தெரியும். வேற எப்படிப் பாடறது?”

அவருக்குப் பிடித்திருக்கும் என்று அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். மண் போட வரிசையில் போய் நின்றுகொண்டேன்.

மறுநாள் அலமாரியைத் திறந்தேன். மனு அப்படியே இருந்தது, ஓரத்தில் என் சுருக்கொப்பத்தோடு. அதை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து மயூர் விஹார் போனேன். அந்தப் பெண் கதவைத் திறந்து, “வாங்க அங்கிள், சாய் போடட்டுமா?” என்றாள். முதலில் இதைப் பார் என்று தாளைக் கொடுத்து, மூன்று பொய்களையும் வரிசையாகச் சொன்னேன். அவள் ஓரத்தில் இருந்த இரண்டு சொற்களை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“அப்ப மாமாவுக்குத் தெரியவே தெரியாதா?”

“தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா முப்பத்திரண்டாவது கையெழுத்து அவருடையதா இருந்திருக்கும்.”

அவள் கையெழுத்துகளை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். “இதை நான் என்ன பண்றது? கமிட்டியில வைக்கிறேன்னீங்கல்ல, வைங்க.” தேநீர் வரவில்லை. அது நியாயம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அறிக்கை வாசிக்க எழுந்தவன், அறிக்கைக்குப் பதிலாக மனுவை வாசித்தேன். முப்பத்தொரு பெயர்களையும் வாசித்தேன். நான் செய்ததைச் சொல்லிவிட்டு, பொறுப்பிலிருந்து விலகும் கடிதத்தைப் புதிய போதகரிடம் கொடுத்தேன்.

“பழைய கதைய எதுக்கு இப்பக் கிளறுதீக? விடுங்க” என்றார் ஒருவர்.

“எது பழைய கதை? எம்மவன் கோயிலுக்கு வந்து நாலு வருஷம் ஆச்சு. அது ஒமக்குப் பழைய கதையா?” என்று இன்னொருவர் எழுந்தார். அவருடைய மகன் பெயர் அந்தத் தாளில் ஏழாவதாக இருந்தது.

வாக்குவாதம் ஒரு மணி நேரம் நடந்தது. இன்று எழுத்து போகும், நாளை பாட்டு போகும் என்றார்கள் சிலர். அவர்கள் சொன்னது முழுக்கத் தப்பு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. கடைசியில் கை தூக்கச் சொன்னார் போதகர். சிறிய வித்தியாசத்தில் மனு நிறைவேறியது. “சரி, இரண்டு எழுத்தும் நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? யார் எழுதித் தருவது?” என்று அவர் கேட்டபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிள்ளைகள் அங்கே இல்லை. இந்தித் தேர்வில் தேறியவன் என்று பெருமை பேசித் திரிந்ததும் நான்தானே.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை காலைகளில் எனக்கு அதுதான் வேலை. அந்த வாரத்துப் பாட்டையும் பாடத்தையும் இந்தி எழுத்தில் எழுதி நகலெடுத்து வைப்பேன். முந்தைய போதகருக்கும் உண்மையை எழுதினேன். ‘நான் இரண்டாவது முறை கேட்டிருக்க வேண்டும்’ என்று ஓர் அஞ்சலட்டை வந்தது. இந்த மாற்றம் பிடிக்காமல் இரண்டு குடும்பங்கள் சபையை விட்டுப் போயின. அவர்களில் ஒருவர் என் நெருங்கிய நண்பர். போன பிள்ளைகளில் நான்கைந்து பேர் திரும்பி வந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை. ஆனால் பின்பெஞ்சில் இப்போது நிற்கும் புதிய பிள்ளைகள் சரணத்தில் வாயை மூடுவதில்லை. மனந்திரும்புதல் என்ற சொல்லை அதுவரை மற்றவர்களுக்காகவே வைத்திருந்தேன். ஒரு சபை மொத்தமாகவும் மனந்திரும்ப வேண்டியிருக்கும், அதற்கு வழியை மறித்துக்கொண்டு நிற்பவன் நானாகவே இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்தப் பெண் கல்யாணமாகி குர்காவ்ன் பக்கம் போய், அங்கே வேறு சபையில் சேர்ந்துவிட்டாள். சில ஆண்டுகள் கழித்து ஓர் ஈஸ்டர் அன்று அம்மாவோடு வந்தாள். வாசலில் தாள் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாங்கிப் பார்த்தாள்.

“இது உங்க கையெழுத்தா அங்கிள்?”

“ஆமாம்மா.”

“அச்சா” என்றாள். உள்ளே போகாமல் இன்னொரு நிமிடம் நின்றாள். “வீட்டுக்கு வாங்க. அன்னிக்கு சாய் கொடுக்கல.”

போய்க் குடித்துவிட்டு வந்தேன். அவளிடமும் போதகரிடமும் சொன்ன பொய்களை என்னால் திருத்த முடிந்தது. ‘நான் என்ன செஞ்சேன்’ என்று கேட்ட அண்ணாச்சிக்கு மட்டும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவரைப் பரலோகத்தில் மறுபடி பார்ப்பேன் என்று விசுவாசிக்கிறவன் என்பதால், நேரில் சொல்ல வேண்டிய அந்தப் பதிலை மறைக்காமல் சொல்ல, இதை எழுதி இங்கேயே பழகிக்கொள்கிறேன்.