யசோதாவின் கொய்யா மரம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுகோடியிலிருந்து சிவாஜிநகர் போகிற பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைக்கும். யசோதா அதில் உட்கார்ந்து தலையைக் கம்பியில் சாய்த்துக்கொள்வாள். அது தூக்கமில்லை, தூக்கத்துக்குப் பக்கத்து வீடு. வாரம் முழுக்க கார்மெண்ட்ஸில் சட்டைகளின் பிசிறு நூலை வெட்டிக் களைத்த கண்ணுக்கு, பனிமூட்டத்தில் நகர்கிற காம்பவுண்டுச் சுவர்கள் இதமாக இருக்கும். சிக்னலில் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பழைய பங்களா. சுவருக்கு மேலே கொய்யாக் கிளை. கேட்டுக்குப் பின்னால் காது தொங்கும் நாய். மாடியில் ஒரு பெரிய ஜன்னல், எப்போதும் திறந்தே இருக்கும், ஆள் தெரியாது.

இரண்டாயிரமாவது வருஷம் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அது. சிவாஜிநகரில் ஒரு சர்ச் ஹாலில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஞாயிறுதோறும் பகல் முழுக்க இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. சூப்பர்வைசர் ஆக வேண்டுமானால் நாலு வார்த்தை பேசத் தெரிய வேண்டும் என்று கம்பெனியில் சொன்னதால் யசோதா சேர்ந்திருந்தாள். வகுப்பு எடுத்த ஹெர்பர்ட்டுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. நாற்பது வயதுப் பெண்கள் ‘சார்’ என்று கூப்பிட்டால் காது சிவந்துவிடும்.

‘ஹேவ்’ என்ற ஒரே வார்த்தையை அவன் பல வாரம் விடவில்லை.

“உங்ககிட்ட என்ன இருக்கோ அதச் சொல்லுங்க. தினம் பேசுற மாதிரி.”

ஐ ஹேவ் டூ சில்ட்ரன் என்றாள் ஒருத்தி. ஐ ஹேவ் எ ஹெட்டேக் என்றாள் இன்னொருத்தி. வீணா எழுந்தாள். அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்த முப்பது வயதுக்காரி.

“ஐ ஹேவ் எ பிரதர். பிரதருக்கு ஒரு பொண்டாட்டி கீறா சார், அதுக்கு இன்னா சொல்றது?”

“ஹி ஹேஸ் எ ஒய்ஃப்.”

“அந்த ஹேஸுதான் சார் என் தலவலி.”

ஹாலே சிரித்தது.

யசோதாவின் முறை வந்தது. அவளிடம் இருந்தது ராத்திரி வாட்ச்மேன் வேலைக்குப் போகிற ஒரு புருஷன், வரிசை வீட்டில் ஒற்றை அறை, எல்லாருக்கும் பொதுவான ஒரு குழாய். வாயைத் திறந்தாள். “ஐ ஹேவ் எ டாக்” என்று வந்தது.

“கரெக்ட்” என்றான் ஹெர்பர்ட்.

அவளுக்கு உடம்பு லேசாகிவிட்டது. தமிழில் பொய் சொன்னால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். இங்கிலீஷில் வாக்கியம் சரியாக இருந்தால் போதும் போல. அடுத்த வாரம் ஒரு கொய்யா மரம் வந்தது. அதற்கடுத்து, ஹால் மூலையில் கிடந்த பியானோவைப் பார்த்துக்கொண்டே ஒரு பியானோ. பிறகு, ஐ ஹேவ் எ ரூம் அப்ஸ்டேர்ஸ். இட் ஹேஸ் எ பிக் விண்டோ. அன்று சாயங்காலம் குழம்பு தாளிக்கும்போது அந்த ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடலாம் என்று யோசித்தாள். கடுகு கருகிவிட்டது.

டிசம்பரில் ஒரு நாள், வகுப்பு முடிந்து பஸ் ஸ்டாண்டில் வீணா அவள் கையைப் பிடித்தாள்.

“யசோதாக்கா, உங்க மாடி ரூமு காலியாத்தான கீது? அண்ணி வேற எடம் பாத்துக்கோன்னுட்டா. வாடக நாயமா குடுத்துடறேன். நாயி கடிக்காதில்ல?”

“கடிக்காது” என்றாள் யசோதா.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அதற்குள் வீணாவின் பஸ் வந்து, அவள் படியில் தொற்றிக் கைகாட்டிக்கொண்டே போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு முதல் வேலையாகச் சொல்லிவிட வேண்டும் என்று யசோதா வாரம் முழுக்க நூலோடு நூலாக வார்த்தைகளை வெட்டி ஒட்டினாள். ஆனால் வீணா வகுப்புக்கே டிரங்குப் பெட்டியோடு வந்தாள். “அண்ணி வாசல்ல எடுத்து வெச்சுட்டா, பரவால்ல, எனக்குத்தான் ரூமு கீதே” என்றாள் பக்கத்துப் பெஞ்சில் எல்லோருக்கும் கேட்க.

திரும்பும் பஸ்ஸில் வீணா அவள் தோளில் சாய்ந்தே தூங்கிப்போனாள். சிக்னலில் பஸ் நின்றது. யசோதா அவளை மெல்லத் தட்டினாள்.

“வீணா, அதோ பாரு. அதான் கொய்யா மரம்.”

வீணா கண்ணைக் கசக்கினாள். “எம்மாம் பெரிய வீடு! எறங்கணுமா?”

“எறங்க வேணாம். அது என்னோடது இல்ல. நாயும் அங்கதான், மாடி ரூமும் அங்கதான். வாராவாரம் பஸ்ஸு இங்க நிக்கச்சொல்ல பாப்பேன். அவ்ளோதான்.”

பஸ் நகர்ந்தது. வீணா கழுத்தைத் திருப்பி அந்தச் சுவர் மறையும் வரை பார்த்தாள். பிறகு கேட்டாள்:

“பியானோ?”

“சர்ச்சோடது.”

“அத மட்டும் நான் அப்பவே நம்பல.” காலடியில் இருந்த பெட்டியைத் தொட்டாள். “உங்கள நம்பிப் பெட்டிய எடுத்துனு வந்துட்டனேக்கா. இப்ப எங்க போவேன்?”

“எங்கூட்டுக்குத்தான். ஒரே ரூமு. அவரு ராத்திரில இருக்க மாட்டாரு, பகல்ல நம்ம ரெண்டு பேரும் இருக்க மாட்டோம்.”

“ஜன்னலு?”

“சின்னது ஒண்ணு கீது. சாத்த வராது.”

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது யசோதாவின் புருஷன் முனிகிருஷ்ணன் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பெட்டியைப் பார்த்தார், வீணாவைப் பார்த்தார்.

“எவ்ளோ நாளு?” என்று பெண்டாட்டியைக் கேட்டார்.

“தெரியல.”

“கொழாயில தண்ணி விடிகாலைலதான் வரும். எழுந்துக்கணும்னு சொல்லிடு.” செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீணா அடுத்த கோடை முடியும் வரை அங்கேதான் இருந்தாள். குடத்துக்கும் சீப்புக்கும் இரண்டு பேரும் சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்களும் உண்டு.

ஆனால் அது பின்னால். அவள் வந்த அடுத்த ஞாயிறு, பக்கத்தில் இருப்பவரைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னான் ஹெர்பர்ட். வீணா எழுந்து நின்றாள். யசோதா தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

“யசோதா ஹேஸ் எ குவாவா ட்ரீ” என்றாள் வீணா, கணீரென்று. “இட் ஹேஸ் மெனி ஃப்ரூட்ஸ்.”

“கரெக்ட். வெரி குட்.”

“ஏன்க்கா, சொல்றதோட சரியா?” என்றாள் பின் பெஞ்சுக்காரி. “எங்களுக்கு ரெண்டு கொண்டாந்தா கொறஞ்சா போயிடுவே?”

அதற்கடுத்த வாரம் இரண்டு பேரும் முந்தின பஸ்ஸிலேயே சிவாஜிநகர் வந்து இறங்கினார்கள். மார்க்கெட்டு ஓரத்துத் தள்ளுவண்டியில் வீணா பளபளப்பான பெரிய பழங்களாக எடுத்தாள். யசோதா அவள் கையைத் தட்டிவிட்டாள்.

“அதப் பாத்தா கடையில வாங்குன மாதிரி கீது.”

குனிந்து, காம்பில் இலை ஒட்டியிருந்தவையாகப் பார்த்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள்.