பிரசங்க மேடையைச் சுமப்பவர்

ஜேர்மனியின் டுசல்டோர்ஃபிலிருந்து ரயிலில் கொஞ்சத் தூரம் போனால் வரும் அந்தப் பழைய தேவாலயத்தில், பிரசங்க மேடையைத் தோளில் சுமந்தபடி ஒரு கறுத்த மரச்சிலை நிற்கிறது. மற்றச் சொரூபங்களெல்லாம் வெள்ளை வெளேரென்றிருக்க, இவர் மட்டும் எங்கள் நிறம். அது போதாதா எங்கள் சனத்துக்கு? யாரோ ஒரு புண்ணியவதி அவரைப் புனிதராக்கிவிட, தமிழ்ப் பூசைக்கு வரும் எல்லோரும் அவர் காலைத் தொட்டு விரல்களை முத்தமிட்டுக்கொள்வோம். என் அக்கா ஒருபடி மேலே. ஈழப்போரின் கடைசியில் காணாமல் போன மகனைத் திருப்பித் தரச் சொல்லி அவரோடு சண்டையே பிடிப்பாள்.

போன கோடையில் அந்தச் சிலைகளைச் செதுக்கியவருக்கு அங்கே விழா எடுத்தார்கள். வழிகாட்டிப் பெண் ஜேர்மன் மொழியில் சொல்லச் சொல்ல, நான் அக்காவின் காதில் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். சிற்பி இளம் வயதில் கப்பலேறி, வெள்ளையர் ஆண்ட குடியேற்ற நாடொன்றில் கோயில் கோயிலாகப் பீடங்கள் செதுக்கியவராம். பெரும் புகழோடு திரும்பினாராம். கூடவே, விலைக்கு வாங்கிய ஓர் ஆளையும் கொண்டுவந்தாராம். அந்த ஆளின் தோளில் உத்தரத்தை ஏற்றி, நாட்கணக்காக நிற்கவைத்துத்தான் இதைச் செதுக்கினாராம். அந்த ஆள் இங்கேயே செத்துப்போனானாம். பெயர்கூடத் தெரியாதாம். சிற்பியின் கல்லறை மட்டும் பீடத்துக்குப் பக்கத்தில் பளிங்கில் பளபளக்கிறது.

"தோள் நரம்புகளைப் பாருங்கள், அவருடைய கலையின் உச்சம் இதுதான்" என்றாள் அந்தப் பெண். "கால்விரலில் மட்டும் வண்ணம் தேய்ந்திருக்கிறது. ஏனென்று எங்களுக்கு விளங்கவில்லை."

ஆளை விலைக்கு வாங்கினார் என்ற இடத்திலேயே என் மொழிபெயர்ப்பு நின்றுபோயிருந்தது. இத்தனை காலமும் நாங்கள் வரம் கேட்டது ஓர் அடிமையிடமா? நான் வாய் பிளந்து பார்த்த தோள், வலியில் புடைத்த தோளா? அந்தச் சிற்பியைத் தோண்டியெடுத்து நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது.

"என்னடா, நிப்பாட்டிப்போட்டாய்? சொல்லு" என்றாள் அக்கா.

மழுப்பியிருக்கலாம். எனக்கு அது வராது. முழுவதையும் சொன்னேன்.

அக்கா அப்படியே வாங்குப் பலகையில் அமர்ந்துவிட்டாள்.

"அப்ப இவர் புனிதர் இல்லையோ?"

"இல்லையக்கா."

"இவரையும் ஒரு தாய் தேடியிருப்பாளேடா. பிள்ளை செத்துப்போச்சுதெண்டு ஒருத்தரும் போய்ச் சொல்லியிருக்க மாட்டினம்."

எழுந்துபோய்ச் சிலைக்கு முன்னால் முழந்தாளிட்டு, மரித்தவர்களுக்கான செபத்தைத் தொடங்கினாள். மகனுக்காக அதைச் சொல்ல யாராவது வாயெடுத்தாலே வீட்டை விட்டு வெளியேறிவிடுகிறவள். அந்த ஆளுக்காக முழுவதையும் சொல்லி முடித்தாள். பிறகு அதே செபத்தை முதலிலிருந்து, மகனின் பெயரோடு சொன்னாள்.

ஆமென் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.