ஒரு மூட்டைக் கிளிஞ்சல்

கோழித் தீவன லாரி கடந்து போன பிறகும் அதன் வாடை சற்று நேரம் சாலையிலேயே நிற்கும். சோயாப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், சுண்ணாம்பு எல்லாம் கலந்த வாடை. நாமக்கல்காரர்களுக்கு அது வாடையே இல்லை, காற்று. எனக்கு மட்டும் இப்போதெல்லாம் அது வாடையாகவே அடிக்கிறது. அக்கா வீட்டை விட்டுப் போனதற்குத் தீவனம்தான் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். பாதி உண்மை. மீதி நான்.

கூடத்தில் கண்ணாடித் தொட்டிக்குள் நாலடி நீளத்துக்கு ஒரு கடல் வைத்திருந்தேன். சுத்திகரித்த தண்ணீரில் உப்பைக் கரைத்து, ஊதா விளக்குக்கு அடியில் பவளமும் மீனும் வளர்த்தேன். எழுத்து வராத நாட்களில் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பேன். வந்த நாட்கள் குறைவு. என் கல்யாணம் நிலைக்கவில்லை. அக்கா புருஷன் இறந்த பிறகு அவள் என்னோடு வந்துவிட்டாள். மகன் வீட்டில் மருமகளிடம் கையேந்தி நிற்க அவளுக்கு விருப்பமில்லை. மீனுக்கு இரை போடுவது அவள் வேலையாயிற்று. அவள் நிழல் விழுந்தாலே மீன்கள் கண்ணாடிக்கு வந்துவிடும். "கூப்புட்டா வருதுக பாரு, உன்னயாட்ட இல்ல" என்பாள்.

தொட்டியின் தரைக்கு மணல் தேவைப்பட்டது. அதற்கென்று விற்கும் மணலை வெளியூரிலிருந்து வரவழைக்கப் பொறுமையில்லை. எங்கள் ஊர்க்காரனுக்கு எதற்கும் முதலில் நினைவுக்கு வருவது தீவனக் கிடங்கு. முட்டையின் ஓடு கெட்டிப்படக் கோழிக்கு நொறுக்கிய கடற்கிளிஞ்சல் போடுவார்கள். கடலில் கிடந்ததுதானே என்று ஒரு மூட்டை கேட்டேன். கிடங்கு வைத்திருந்த நண்பன் ஒரு காலிச் சாக்கில் அள்ளிக் கட்டிக் கொடுத்தான். மூன்று தண்ணீர் அலசிப் பாதியைப் பரப்பினேன். வெள்ளை வெளேரென்று இருந்தது.

இரண்டே மாதம். பாறையெல்லாம் பாசி முடி முளைத்தது. பவளங்கள் ஓரம் பழுத்துச் சுருங்கின. சோதனைக் குப்பியில் மருந்து விட்டால் தண்ணீர் நீலமாகும். நீலம் கூடக் கூட, பாசிக்கு உரமாகிற பாஸ்பேட் கூடுதல். என் குப்பியில் பேனா மை நின்றது. பாதித் தண்ணீரை மாற்றினேன். பாஸ்பேட்டைப் பிடித்துவைக்கும் துரு நிறத் துகள்களைக் குழாயில் அடைத்து, தண்ணீரை அதன் வழியே ஓடவிட்டேன். நாலு நாள் வெளுக்கும், ஐந்தாம் நாள் மறுபடி மை. தேடிப் படித்த இடமெல்லாம் முதல் சந்தேகம் மிஞ்சி அழுகும் இரை மேல்தான். இரை என்றால் அக்கா.

ஜாடையாகச் சொன்னேன். பிறகு இரை டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டி, நானே அளந்து போட்டேன். மீன்கள் வந்து நிற்கும், அவள் வெறுங்கையை விரித்துக் காட்டுவாள். அப்போதும் நீலம் குறையவில்லை. எனக்குத் தெரியாமல் சோற்றைப் போடுகிறாள் என்றே முடிவு கட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆத்தூரிலிருந்து அவள் மகனும் மருமகளும் சம்பந்திகளும் வந்திருந்தார்கள். சாப்பாட்டின் நடுவே சம்பந்தியம்மா தொட்டியைப் பார்த்து, ஏன் இப்படிப் பாசி பிடித்துக் கிடக்கிறது என்று கேட்டார்.

"அக்காவுக்குக் கை அடங்காதுங்க. கண்டதயும் கொட்டிக் கெடுத்து வெச்சிருக்குது" என்றேன்.

மருமகள் சிரித்தாள். அக்கா கடைசி இலை வரைக்கும் ரசம் ஊற்றிவிட்டு உள்ளே போனாள். அடுத்த வாரம் ஆத்தூருக்கே போய்விடுவதாகச் சொன்னாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்த அன்றுதான் மீதிக் கிளிஞ்சலைக் கீழே கொட்டிச் சாக்கைப் புரட்டினேன். மடிப்புக்குள் மாவுபோல வெள்ளைத் தூள். வெளிப்பக்கம் மங்கலாக டி.சி.பி. என்ற எழுத்து. கோழித் தீவனத்தில் கலக்கும் பாஸ்பேட் தூள். கோழிப் பண்ணை பார்த்து வளர்ந்த எவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நண்பன் தரும்போது நான் சாக்கைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஒரு பிடிக் கிளிஞ்சலைச் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்துக் காலையில் மருந்து விட்டேன். நீலம் கறுத்தே போயிற்று.

உடனே சொல்லியிருக்கலாம். அவள் பெட்டியை மூடிவிட்டாளே என்று ஒரு சாக்கு கண்டுபிடித்துக்கொண்டேன். அவள் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான், கீழே நின்று, பக்கத்து சீட்டுக்குக் கேட்காத குரலில், தப்பு அவள்மேல் இல்லை, நான் கொட்டிய கிளிஞ்சலில் இருந்தது, இறங்கி வந்துவிடு என்றேன்.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். கோபமாக இருந்திருந்தால் தேவலை.

கிளிஞ்சல் முழுவதையும் அள்ளி எறிந்துவிட்டேன். தண்ணீர் இப்போது தெளிந்து கிடக்கிறது. ஆத்தூர் ஒன்றரை மணி நேரப் பயணம். அவள் கேட்டது பெரிய காரியமுமில்லை. இன்றுவரை நான் போகவில்லை. கண்டக்டர் விசில் ஊதியபோது அவள் சொன்னது இதுதான்:

"நாலு பேரு முன்னால வெச்சு என்னயச் சொன்ன, இப்ப என்ற காதுக்குள்ள வந்து சொல்ற. அங்க வந்து அவங்க முன்னால சொல்லு சாமி. அப்பறம் வாரேன்."