எண்ணெய் படாத கண்

இமைமுடி எதற்கு என்று கேட்டால், கண்ணில் தூசி விழாமல் தடுப்பதற்கு என்று லிஃப்ட்காரர் சொல்லியிருப்பார். அதற்குமேல் அதைப் பற்றி அவருக்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது. அடுக்குமாடிக் கட்டிடங்களின் லிஃப்ட் குழிகளில் பழுது பார்க்க இறங்கி, கிரீஸும் கரியுமாக ஏறி வந்தே காலம் தள்ளியவர். ஐம்பதைத் தாண்டிய மனைவி ஒரு நாள் எதிரே வந்து நின்று, "நான் இமைக்கு எக்ஸ்டென்ஷன் வைக்கப்போறேங்க" என்றபோது மனுஷன் திருதிருவென்று விழித்தார். எக்ஸ்டென்ஷன் என்றால் அவருக்கு நீள வயர் ஒன்றுதான் தெரியும்.

அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள். எந்த மாடி, எந்த வார்டு, பார்வை நேரம் எப்போது என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்ல வேண்டும். கண்ணாடிக்கு வெளியே நெற்றியிலிருந்து கழுத்துவரைதான் தெரியும். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பட்டப்பெயர் ஜன்னலம்மா. வீட்டுக்காரரும் நல்ல மனநிலையில் இருந்தால் அப்படித்தான் கூப்பிடுவார்.

"இந்த வயசுல கண்ணுக்குத் தோரணம் கட்டணுமா?"

"வர்றதுல பாதிப்பேரு அழுதுட்டே வர்றாங்க. அவங்க பாக்குற முகம் கொஞ்சம் பளிச்சுனு இருந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

அவர் துணைக்கு வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பார்லரில் இருந்த சின்னப் பெண் தட்டு நிறைய முடிகளைக் காட்டினாள். நீளவாரியாக, வளைவுவாரியாக, ஒட்டுத்தாளில் வரிசையாகப் பதித்து வைத்திருந்தாள். ஜன்னலம்மா சோபா வாங்கும்போதுகூட இவ்வளவு யோசித்ததில்லை. நீளமானதைத் தொட்டாள், வைத்தாள், மறுபடி தொட்டாள்.

"ஆன்ட்டிக்குக் கண்ணோட வெளி ஓரம் லேசா இறங்கியிருக்கு" என்றாள் அந்தப் பெண். "அங்க நீளமா வச்சா இன்னும் இறங்கின மாதிரி காட்டும், சோர்வாத் தெரியும். நடுவுல மட்டும் நீளமா வைக்கலாம்."

லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமினார். "எடை தாங்குமா? எத்தனை பேர் ஏறலாம்?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "அதான் அங்கிள் முதல் கேள்வியே. ஒரு முடி மேல ஒரு முடிதான் ஒட்டுவோம். அவங்க முடி எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் வைக்கணும். பேராசைப்பட்டு ஏத்தினா அதுவும் போயிடும், இதுவும் போயிடும்."

தன் தொழிலைப் போலவே பேசுகிறாளே என்று லிஃப்ட்காரருக்கு அவளைப் பிடித்துப்போனது. அன்றிலிருந்து அவள் இமைப்பொண்ணு ஆனாள்.

சொந்த முடி தன் காலம் முடிந்து உதிரும்போது ஒட்டிய முடியையும் கூட்டிக்கொண்டு போய்விடும். அதனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை போய் இடைவெளியை நிரப்பிக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு நாள் தண்ணீர் படக் கூடாது. அப்புறம் தினமும் நுரை போட்டு மெல்லிய பிரஷால் கழுவி, சீவிவிட வேண்டும். எண்ணெய் மட்டும் ஆகவே ஆகாது, பசையைத் தின்றுவிடும். முகம் தலையணையில் அழுந்தும்படி படுக்கவும் கூடாது.

கடைசி நிபந்தனைதான் லிஃப்ட்காரருக்கு உறைத்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவர் பக்கம் ஒருக்களித்துத்தான் தூங்குவாள். இப்போது கூரையைப் பார்த்து மல்லாந்து படுத்தாள். "இமைக்காக என்னைக் கைகழுவிட்டியே" என்று கேலி செய்தார். கேலிதான் என்றாலும் உள்ளே கொஞ்சம் வலித்தது. அதைச் சொல்லிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை.

ஒவ்வொரு முறை நிரப்பிக்கொண்டு வந்ததும் அவள் வாசலிலிருந்தே கேட்பாள்: "எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"அங்கேர்ந்து சொன்னா எப்படி? கிட்ட வந்து பாருங்க."

"எனக்குத் தூரப் பார்வை நல்லாவே இருக்கு" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டுக் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைத் திருகுவார்.

ஓய்வுபெற்ற பிறகு அவர் கூடத்து ஜன்னலோரம் ஒரு மேஜையைப் போட்டு, அக்கம்பக்கத்து இஸ்திரிப் பெட்டிகளையும் மின்விசிறிகளையும் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி மேஜையில் உட்கார்ந்திருந்த ஒரு பகலில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஜன்னலம்மா யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாற்காலியில் சரிந்துவிட்டாள். மூளைக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டுவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குள்ளேயே விழுந்ததால் உயிர் தப்பியது. உயிர் மட்டும்தான் தப்பியது என்று வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

கை கால் அசையவில்லை, பேச்சு போய்விட்டது. வலது இமை பாதியில் தொங்கியது. இடது இமை மட்டும் சொன்னபடி கேட்டது. காதும் அறிவும் பழையபடி இருந்தன, அதுதான் கொடுமை. பயிற்சி கொடுக்க வந்த அம்மாள் ஒரு வழி சொல்லிக்கொடுத்தாள். சும்மா இமைப்பது கணக்கில்லை. இறுக்கி மூடித் திறந்தால் பேச்சு. ஒரு தடவை என்றால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை.

கூடத்திலேயே, மேஜைக்கு எதிர்ச் சுவரோரம் கட்டிலைப் போட்டார். ஒட்டிய முடிகளெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே உதிர்ந்துவிட்டிருந்தன. வெறும் இமை மூடுகிறதா திறக்கிறதா என்று மேஜையிலிருந்து தெரியவில்லை. ஒரு நாள் விசிறி ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, "துணி மாத்தணுமா?" என்று கேட்டார். பதில் தெரியாததால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள் என்று எடுத்துக்கொண்டார். வேலையை முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தபோது அவள் வெகுநேரமாக ஈரத்தில் கிடந்திருக்கிறாள். அவளைத் துடைத்துவிட்டுக் குளியலறையில் போய் நின்று, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார்.

அப்போதுதான் இமைப்பொண்ணு ஞாபகம் வந்தது.

"படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு நான் வச்சதில்ல அங்கிள்" என்று தயங்கியவள், விஷயத்தைக் கேட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். இந்த முறை தேர்ந்தெடுத்தவர் லிஃப்ட்காரர். தட்டில் இருந்ததிலேயே நீளமானதைக் காட்டினார்.

"அவ்வளவு வேணாம், இப்ப ஆன்ட்டி முடி ரொம்ப மெலிஞ்சிருக்கு. வலது இமையில எதுவுமே வைக்கக் கூடாது, அதுக்குத் தன் எடையே பாரம். இடதுல அளவா வைக்கிறேன். நல்ல கறுப்பா வைக்கிறேன், மேஜையிலேர்ந்தே உங்களுக்குத் தெரியும்."

வைத்து முடித்ததும் அவர் ஓடிப்போய் மேஜையில் உட்கார்ந்தார். "தண்ணி வேணுமா?" என்று அங்கிருந்து கேட்டார். சுவரோரத்தில் ஒரு கறுப்புக் கோடு இறங்கி ஏறியது. கடையின் ஷட்டரை இழுத்து விட்டதுபோல் அவ்வளவு தெளிவு. லிஃப்ட்காரருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அதன்பிறகு அந்த ஒரு கண்ணை அவர் பார்த்துக்கொண்ட விதத்தைப் பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும். காலையில் கிரீஸ் கறை போகச் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவுவார். நுரையைத் தொட்டு, குழந்தையின் நெற்றியைத் தடவுவதுபோல் பிரஷால் தடவுவார். நனைத்த பஞ்சால் துடைத்து, அட்டையால் விசிறிக் காயவைத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் சீவிவிடுவார். எண்ணெய்ப் புட்டி சமையலறையைத் தாண்டி வரக் கூடாது. மைத்துனி ஒருநாள் பாசத்தோடு அக்காவின் முகத்தைத் தடவப் போனபோது, "அடுப்படிக் கையோட தொடாதே!" என்று அவர் போட்ட சத்தத்தில் அவள் வெலவெலத்துப்போய்விட்டாள். வெளியூரிலிருந்து மகள் போனில் கேட்டால், "எங்களுக்குப் பேச்சுக்கு என்ன குறைச்சல்? நான் இங்கேர்ந்து கேக்குறேன், உங்கம்மா அங்கேர்ந்து சொல்றா" என்பார், பெருமையாக.

மாதங்கள் போயின. அவள் மூச்சு இளைக்கத் தொடங்கியது. நெஞ்சில் சளி கட்டுகிறது, ஜாக்கிரதையாக இருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். இமை நிரப்பும் நாள் நெருங்கியது. ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார்: "நாளைக்கு இமைப்பொண்ண வரச் சொல்லட்டா?"

கறுப்புக் கோடு இறங்கி ஏறியது. மறுபடியும் இறங்கி ஏறியது.

"என்ன? வேணாமா?"

ஒரு தடவை.

இவள் போவதற்குத் தயாராகிவிட்டாள், அதனால்தான் வேண்டாம் என்கிறாள். அப்படித்தான் அவர் புத்தி ஓடியது. "சரியா தெரியல" என்றார். பச்சைப் பொய். முதன்முறையாக அவள் சொன்னதைக் கேட்காதவர் மாதிரி எழுந்துபோய் இமைப்பொண்ணுக்குப் போன் செய்தார்.

அவள் வந்தாள். விளக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு, "கண்ண மூடிக்கோங்க ஆன்ட்டி" என்றாள். அந்தக் கண் மூடவில்லை. கெஞ்சிப் பார்த்தாள், காத்துப் பார்த்தாள். ஜன்னலம்மா விழித்தபடியே புருஷனைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"ஆன்ட்டிக்கு இஷ்டமில்ல அங்கிள்."

லிஃப்ட்காரர் உடைந்துபோனார். அயலார் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்கவில்லை. "இதுவும் இல்லாமப் போனா நான் உன்கூட எப்படிப் பேசுவேன்? ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிற? போயிடணும்னு முடிவு பண்ணிட்டியா?"

இரண்டு தடவை.

இமைப்பொண்ணு பெட்டியை மெல்ல மூடினாள். இருக்கிற முடிகள் வளர்ந்து கோணிக்கொண்டு நிற்கின்றன, கண்ணைக் குத்தும், எடுத்துவிடுவதுதான் நல்லது என்றாள். பசையை எடுக்க அவள் வைத்திருக்கும் மருந்தின் நெடி ஜன்னலம்மாவின் மூச்சுக்கு ஆகாது என்றும் சொன்னாள். "பஞ்சுல ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, பொறுமையாத் தடவிட்டே இருங்க. பசை இளகித் தானா வரும். இழுத்துடாதீங்க. எண்ணெய் உள்ள போகாமப் பாத்துக்கோங்க." போகும்போது அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

சமையலறையைத் தாண்டக் கூடாது என்று அவர் விலக்கி வைத்திருந்த புட்டியை அவரே எடுத்து வந்தார். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அவள் தானாகவே கண்ணை மூடிக்கொண்டாள். ஒட்டுவதற்கு மூடாத கண், எடுப்பதற்கு மூடியது.

அந்தப் பகல் முழுதும் அந்த வேலைதான். ஒவ்வொன்றாக இளகிப் பஞ்சில் வந்தது. காலையில் கழுவும்போதும் பக்கத்தில்தான் இருப்பார், ஆனால் அப்போது அவர் பார்த்ததெல்லாம் முடியைத்தான். ஒரு சாமானைத் துடைப்பதுபோல் துடைத்துவிட்டு மேஜைக்குப் போய்விடுவார். இன்றுதான் முகத்தைப் பார்த்தார். காதோரம் முழுக்க நரைத்திருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இது எப்போது நடந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் மூச்சு அவர் கன்னத்தில் பட்டது.

முடிந்தது. மெலிந்த நாலைந்து முடிகளோடு வெறும் இமை. பஞ்சைப் போட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் மேஜைக்குப் போக எழுந்தார்.

"தண்ணி வேணுமா?"

இரண்டு தடவை.

"வலிக்குதா?"

இரண்டு தடவை.

"திருப்பிப் படுக்க வைக்கட்டா?"

இரண்டு தடவை. அந்தக் கண் அவரை விட்டு நகரவேயில்லை. அவர் நாற்காலி முதுகைப் பிடித்தபடி நின்றார். கேட்க வேண்டியது என்னவென்று மெதுவாக, மிக மெதுவாக அவருக்கு உறைத்தது.

"நான் இங்கேயே உக்காரணுமா?"

இமை இறங்கியது. ஒரே தடவை. நெடுநேரம் மூடியிருந்து திறந்தது.

அவர் உட்கார்ந்தார். எழுந்து போகாமலே பேச முடிகிறது என்று இத்தனை மாதமும் ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்ததை நினைக்க அவமானமாக இருந்தது. கிட்ட வந்து பாருங்க, கிட்ட வந்து பாருங்க என்று வாய் இருந்தபோதெல்லாம் கேட்டவள். வாய் போன பிறகும் அதையேதான் கேட்டிருக்கிறாள். தலையைத் திருப்பி அவர் பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

மறுநாளே மேஜையைக் காலி செய்தார். பழுது பார்த்ததும் பார்க்காததுமாக இஸ்திரிப் பெட்டிகளை அவரவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். அப்புறம் நாற்காலியை விட்டு எழவில்லை என்றே சொல்லலாம். ஜன்னலம்மாவுக்கு வேலையிடத்துக் கதைகள் பிடிக்கும் என்பதால், தான் இறங்கிய லிஃப்ட் குழிகளின் கதைகளைச் சொன்னார். பாதிக்கு மேல் புளுகு. "நம்புறியா?" என்று கேட்பார். அவள் இரண்டு தடவை மூடுவாள். அவர் சிரிப்பார்.

ஆனால் அந்த நாட்கள் கொஞ்சம்தான் கிடைத்தன. மேஜையில் உட்கார்ந்து கழித்த மாதங்களை யாரும் திருப்பித் தரவில்லை.

ஒரு நாள் காலையில் அவள் மூச்சு மேலோட்டமாகப் போய்க்கொண்டிருந்தது. வெயில் கட்டில்வரை வந்திருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூக்கோடு மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து கேட்டார்: "தூக்கம் வருதா?"

இமை இறங்கியது.

ஒரு தடவை மூடித் திறந்தால் ஆமாம். இன்னொரு தடவையும் மூடினால் இல்லை. எதுவானாலும் முதலில் திறக்க வேண்டும். அவர் நகராமல், அந்த வெறும் இமையையே பார்த்தபடி காத்திருந்தார். வெயில் கட்டிலை விட்டு இறங்கி, தரையைத் தாண்டி, காலியான மேஜைவரை போனது. அவர் இன்னும் குனிந்தே இருந்தார்.