டிரைவரம்மாவின் ஒற்றை எஞ்சின் படகு

டிரைவரம்மா இருபத்திரண்டு வருஷமாக டவுன் பஸ் ஓட்டுகிறாள். இதுவரை ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. இதை அவளாகப் பீற்றிக்கொள்ள மாட்டாள். ஆனால் யாராவது வாயைக் கிளறிவிட்டால் லேசில் விடவும் மாட்டாள். அப்பேர்ப்பட்டவள், ஆசையாக வாங்கிய படகை முதல் நாளே, முப்பது பேர் வேடிக்கை பார்க்க, படகுத்துறையில் நேராகக் கொண்டுபோய் முட்டினாள். துறையில் கட்டியிருந்த பழைய டயர்கள் படகைக் காப்பாற்றின. அவள் மானத்தைக் காப்பாற்ற அங்கே எதுவும் கட்டியிருக்கவில்லை.

தப்பு அவள் பழக்கத்தில்தான் இருந்தது. பஸ்ஸில் எதிரே ஏதாவது வந்தால் கால் தானாக ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடும். இருபத்திரண்டு வருஷம் அவளைக் காத்த பழக்கம் அது. ஜெட் படகுக்கோ அடியில் சுக்கான் கிடையாது. தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சுகிற வேகம்தான் அதைத் தள்ளுகிறது, அதுதான் திருப்பவும் செய்கிறது. வேகம் கொடுக்கிற கைப்பிடியான த்ராட்டிலை விட்டுவிட்டால் ஸ்டீயரிங்கை எவ்வளவு சுற்றினாலும் படகு காதில் வாங்காது, நேரேதான் போகும். ஆபத்தைக் கண்டால் விடாமல் வேகம் கொடுக்க வேண்டும். பஸ் டிரைவருக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

"அண்ணி, நான் அன்னிக்கே சொன்னேன்ல?" என்றான் கொழுந்தன். ஏரிக்கரை ஷெட்டில் படகு எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறவன். அங்கே அவன் சொன்னால் மறுபேச்சு கிடையாது. "சின்னப் படகு. ஒரே ஒரு எஞ்சின். பாசி உள்ளே போச்சுன்னா நடு ஏரியில நிக்க வேண்டியதுதான். அஞ்சு பேரு ஏறினா, பின்னால சறுக்குற ஆளைத் தண்ணியிலேர்ந்து இழுத்துத் தூக்காது. குடும்பத்துக்கு இது ஒத்தே வராது."

அவன் சொன்னது எதுவும் பொய்யில்லை. அவன் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு இதே ஏரியில் அவள் கணவர் நீர்ச்சறுக்கு கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். கொழுந்தன் படகு ஓட்ட, இவர் பின்னால் கயிற்றைப் பிடித்து வந்தார். ஒரு நாள் தண்ணீரில் விழுந்த அண்ணனை ஏற்றிக்கொள்ளத் தம்பி படகைப் பின்னால் எடுத்தான். அடியில் சுழன்ற ப்ரொப்பெல்லர் விசிறி அவர் இடது கெண்டைக்காலில் மூன்று கோடு போட்டுவிட்டது. கால் பிழைத்தது. அவர் தண்ணீர்ப் பக்கம் போவது நின்றது. வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு, ஊரார் படகுகளுக்கு ஸீட் கவர் தைக்க உட்கார்ந்துவிட்டார். தம்பி அதற்கப்புறம் எஞ்சினைப் பிரித்து மாட்டுவதோடு சரி. ஆள் தண்ணீரில் இருக்கும்போது ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. இரண்டு பேரும் நன்றாகப் பேசிக்கொள்வார்கள், சிரிப்பார்கள். அதைப் பற்றி மட்டும் வாயே திறந்ததில்லை.

டிரைவரம்மாவுக்கு அந்த மௌனம் ஆகவே ஆகாது. அதற்காகத்தான் தேடிப் பிடித்து ஜெட் படகு வாங்கினாள். துறையில் முட்டிய கையோடு அதை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, ஸீட் கிழிந்திருக்கிறது, தைத்துத் தாருங்கள் என்று கணவரைக் கூப்பிட்டாள். அவர் அளவெடுத்தார். பிறகு பின்பக்கம் போய்க் குனிந்து, அடியில் கையை விட்டுத் தடவினார். ஒரு கம்பி வலை, பின்னால் பீய்ச்சுகிற வாய், அவ்வளவுதான்.

"ஒண்ணுமே இல்லையே," என்றார்.

"அதுக்குத்தாங்க வாங்கினேன்."

"உள்ளே விசிறி இருக்கு அண்ணா," என்றான் கொழுந்தன் அவசரமாக. "முடி, கயிறு எல்லாத்தையும் இழுக்கும். எஞ்சின் ஓடும்போது பக்கத்துல போகவே கூடாது."

 மறுநாள் கணவர் பரண் மேலிருந்த சறுக்குப் பலகைகளை இறக்கித் துடைத்தார். டிரைவரம்மா அடுக்களையில் நின்று அதைப் பார்த்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு கெடு வைத்தாள்.

"அடுத்த மாசக் கடைசி ஞாயிறு. அன்னிக்கு இந்தப் படகு உங்களைத் தண்ணியிலேர்ந்து தூக்கி நிறுத்தலேன்னா வித்துடறேன். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்."

அன்றிலிருந்து தினமும் டியூட்டிக்கு முன்னால் மகளைக் கூட்டிக்கொண்டு ஏரிக்குப் போனாள். ஒரு காலி எண்ணெய் கேனைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அதுதான் வீட்டுக்காரர் என்று வைத்துக்கொண்டாள். கேனை நோக்கிப் போக வேண்டும், கை நீளத் தூரம் விட்டு வளைந்து சுற்ற வேண்டும், அருகில் நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். கிட்டே போனதும் கை தானாக த்ராட்டிலை விட்டுவிடும். படகு கேன் மேலேயே ஏறும். இரண்டாவது வாரம்தான் கைக்குப் புத்தி வந்தது. அதற்குள் மகள் சாப்பாட்டு நேரத்தில் போட்டு உடைத்துவிட்டாள்.

"அப்பா, அம்மா உங்களை இதுவரைக்கும் பதினொரு தடவை ஏத்திட்டாங்க."

"நான் எப்படி இருந்தேன்?"

"நசுங்கிட்டீங்க."

அவர் புரையேறும் வரை சிரித்தார். டிரைவரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிறும் வந்தது. படகில் அவள், மகள், கொழுந்தன், அவன் மனைவி, அவர்களுடைய பெண் என ஐந்து பேர். தண்ணீரில் லைஃப் ஜாக்கெட்டோடு கணவர். கயிறு விறைத்ததும் த்ராட்டிலைத் தள்ளினாள். எஞ்சின் கத்தியது, மூக்கு வானத்தைப் பார்த்தது, ஆனால் படகு எழும்பவில்லை. பாவம், அவர் ஏரியில் பாதியைக் குடித்துவிட்டுக் கயிற்றை விட்டார்.

"சொன்னேன்ல அண்ணி," என்றான் கொழுந்தன். குரலில் வெற்றி இல்லை, நிம்மதிதான் இருந்தது.

திரும்பி அவரை ஏற்றிக்கொள்ள வேண்டும். மகளிடம் கயிற்றைச் சுருட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு அவரை நோக்கிப் போனாள். பின்னாலிருந்து காற்று தள்ளியதில், நினைத்ததைவிட வேகமாக அவர் தலை நெருங்கி வந்தது. விட்டுவிடு என்று இருபத்திரண்டு வருஷமும் சேர்ந்து சொன்னது. கொழுந்தன் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஸீட்டைப் பிடித்தான். அவள் விடவில்லை. இன்னும் கொஞ்சம் கொடுத்து, ஸ்டீயரிங்கை வளைத்தாள். படகு சொன்ன பேச்சைக் கேட்டது. கை நீளத் தூரத்தில் அவரைச் சுற்றி வந்ததும் எஞ்சினை அணைத்தாள்.

அவர் பின்படியைப் பிடித்து ஏறி, கால்களைத் தண்ணீரில் தொங்கப்போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அந்தப் பழைய படகில் ப்ரொப்பெல்லர் இருந்த இடம் அது. கொழுந்தன் கண்ணைத் திறந்து முதலில் பார்த்தது அந்தக் கால்களைத்தான்.

"விடுங்க அண்ணி, கரைக்குப் போயிடலாம்."

"போகத்தான் போறோம்." கணவரை உள்ளே வரச் சொல்லிவிட்டுப் படகை மெதுவாகத் துறையில் அணைத்தாள். இந்த முறை டயர்கூட உரசவில்லை. பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வந்தால் எழுகிற அதே குரலில் சொன்னாள்: "எல்லாரும் இறங்குங்க. எங்க பாப்பா மட்டும் பின்னால வர்ற அப்பாவைப் பார்த்துக்கிட்டு உக்காரட்டும். அஞ்சு பேரைத் தூக்காதுன்னு தம்பி சொன்னது சரிதான். ஏத்தறதும் இறக்கறதும்தானே என் பொழைப்பே. டர்ன் போட்டு ஏறுங்க, எல்லாரும் விளையாடலாம்."

மறுபடி கயிறு விறைத்தது. இந்த முறை படகு துள்ளிக் கிளம்பியது. அவளால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. முன்னால்தான் கண் இருக்க வேண்டும்.

"எழும்பறாரும்மா," என்றாள் மகள். "முட்டி ஆடுது. விழப்போறாரு. இல்லை, இல்லை. நின்னுட்டாரும்மா."

துறையில் எழுந்த கைத்தட்டல் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. டிரைவரம்மா கண்ணீர் வழிய, ஏரியை ஒரு முழுச் சுற்று சுற்றினாள். வளைவுகளில் ஒரு தடவைகூடக் கையை எடுக்கவில்லை. துறையைக் கடக்கும்போது அவர் ஒரு கையை விட்டு எல்லாருக்கும் ஆட்டினார். நாற்பத்தெட்டு வயதில் அந்தப் பவுசு பார்க்க வேண்டியதுதான்.

படகு துறைக்குத் திரும்பியதும், முதல் நாள் அவள் முட்டியதைப் பார்த்துச் சிரித்தவர்கள் கயிற்றை வாங்கிக் கட்ட ஓடிவந்தார்கள். கொழுந்தன் மட்டும் நகரவில்லை. அண்ணன் சொட்டச் சொட்ட அவன் முன்னால் போய் நின்றார்.

"ஏறுடா. அடுத்த ரவுண்டு நீ ஓட்டு."

"வேணாம் அண்ணா."

"நான்தானே பின்னால வரப்போறேன், எனக்கே பயமில்லை. ஒன்பது வருஷமா உன்கிட்ட இதைச் சொல்லணும்னு இருந்தேன்டா, வாய் வரலை. ஏறு."

கொழுந்தன் அழுதுகொண்டே ஏறினான். டிரைவரம்மா ஸீட்டைக் காலி செய்துகொடுத்து, அவன் வலது கையை எடுத்து த்ராட்டிலின் மேல் வைத்தாள்.

"திரும்பும்போது மட்டும் இதை விட்டுடாதீங்க தம்பி," என்று சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாகப் பயணி ஸீட்டில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தாள், அவர் எழுந்து நிற்பதைத் தன் கண்ணால் பார்க்க.